நான் கிழித்த தந்தி

1996ஆம் ஆண்டு எங்கள் யூனிட் அலுவலகத்துக்கு வந்த ஒரு தந்தியை நான் கிழித்துப் போட்டேன். பெரம்பலூரில் கொடுத்த தந்தி. மனைவியின் நிலை கவலைக்கிடம், விடுப்பை இருபது நாள் நீட்டித்துத் தர வேண்டும் என்பதுதான் அதில் இருந்த சேதி. அனுப்பியவர் எங்கள் யூனிட் சிப்பாய். அவருக்கு வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கிராமம், எனக்குச் செந்துறைப் பக்கம். வடகிழக்கு மலையில் கூடாரம் போட்டு இருக்கும்போது இரண்டும் ஒரே ஊர்தான். அந்தத் தந்தி இல்லாமல் போனதால், பட்டாளத்துக்கு வேண்டாதவர் என்று எழுதி அவரை வெளியே அனுப்பினார்கள். அதை எழுதிய கையும் என்னுடையதுதான்.

படையில் நான் கிளார்க். ஒரு சிப்பாயின் வாழ்க்கை எவ்வளவு தூரம் கிளார்க்கின் கை வழியாகப் போகிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், லீவில் போனாலும் வந்தாலும், தண்டனை வாங்கினாலும் ‘பார்ட் டூ ஆர்டர்’ ஒன்று வெளியாக வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய் அவருடைய ஏட்டில் ஏற வேண்டும். ஏட்டில் ஏறாத எதுவும் பட்டாளத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. இதை நன்றாகத் தெரிந்த ஆள் நான். தெரியாமல் செய்தவன் என்று யாரும் எனக்கு இரக்கம் காட்ட வேண்டாம்.

அந்த வருஷம் லீவ் ஃபைல்கள் என் பொறுப்பு. தந்தி வந்த வாரம் ஆடிட் நடந்துகொண்டிருந்தது. டாக் ரன்னர் கொண்டுவந்த தபால் கட்டில் அதுவும் இருந்தது. டாக் ரெஜிஸ்டரில் வரவு வைத்து என் மேஜைக்கு வந்தது. படித்தேன். அட்ஜுடண்டிடம் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று தனியாக எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன். பிறகு மறந்துபோனேன். இதுவரை நடந்தது கவனக்குறைவு. இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

லீவ் முடிந்த மறுநாள் அவர் வரவில்லை. வழக்கப்படி, ஆளைப் பிடித்து ஒப்படைக்கச் சொல்லும் ‘அப்ரிஹென்ஷன் ரோல்’ சொந்த மாவட்டத்துக்குப் போனது. அவர் சேர்ந்தது 1985இல். ஏட்டில் மாவட்டம் திருச்சிராப்பள்ளி என்றே இருந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காகிதம் திருச்சிக்குப் போய், அங்கிருந்து சுற்றிப் பெரம்பலூருக்கு வந்து, போலீஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் ஏற்கெனவே ரயிலில் வந்துகொண்டிருந்தார். யாரும் அவரைப் பிடித்துக் கொண்டுவரவில்லை. தானாகத்தான் வந்து நின்றார். மொத்தம் 22 நாள் தாமதம்.

கமாண்டிங் ஆபீசர் முன்னால் நிறுத்தினார்கள். “தந்தி கொடுத்தேன் சாப்” என்றார். ஹெட் கிளார்க் என்னைக் கேட்டார். வரவில்லை என்றேன். சொன்ன அந்த நேரத்தில் எனக்கு உண்மையாகவே நினைவில்லை. ஆனால் இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க முடியும். ரெஜிஸ்டரைப் புரட்டச் சொல்லியிருக்க முடியும். அவருக்கு 28 நாள் சிறை என்று தீர்ப்பானது. ஆர்மி சட்டம் 39ஆம் பிரிவு, லீவ் முடிந்தும் ‘போதிய காரணமின்றி’த் திரும்பாமல் இருப்பதைத்தான் குற்றம் என்கிறது. போதிய காரணம் என் இழுப்பறையில் கிடந்தது.

அந்தத் தந்தி என் கையில் தட்டுப்பட்டபோது அவர் யூனிட் காவலறையான குவார்ட்டர் கார்டில் இருந்தார். அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அப்படிக் கொடுத்த தண்டனை நியாயமற்றது என்று தெரிந்தால் மேலதிகாரி ரத்து செய்யலாம். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, அந்த வழிக்கான கடிதத்தை டைப் அடிக்கத் தெரிந்தவனும் நான்தான். ஆனால் அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக்கான பெயர்ப்பட்டியல் போக இருந்தது. தந்தியை எடுத்துக்கொண்டு போனால் என் பெயருக்கு நேரே ஒரு கேள்வி விழும். நாலாகக் கிழித்து, அறையில் எரிந்துகொண்டிருந்த புகாரி அடுப்புக்குள் போட்டேன். பயத்தில் செய்தேன் என்று சொன்னால் நானே எனக்குச் சலுகை காட்டுவதாகும். கணக்குப் போட்டுத்தான் செய்தேன். அவருக்கு 28 நாள், எனக்கு ஒரு பட்டை. அன்றைக்கு அது பெரிய நஷ்டமாகத் தோன்றவில்லை.

எனக்குத் தெரிந்தும் நான் யோசிக்க மறுத்தது ஒன்று உண்டு. அவருடைய ஏட்டில் அதற்கு முன்பே மூன்று சிவப்பு மை என்ட்ரிகள், அதாவது ‘ரெட் இங்க்’ தண்டனைப் பதிவுகள், இருந்தன. ஒன்று குடித்துவிட்டு லைனில் சத்தம் போட்டதற்கு, ஒன்று நாயக்கை எதிர்த்துப் பேசியதற்கு, இன்னொன்று முன்பு ஒருமுறை லீவ் கடந்து வந்ததற்கு. மூன்றும் அவர் தப்புதான், அவரே மறுத்ததில்லை. நாலாவது விழுந்தால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு சிப்பாய்க்கும் தெரியும். ஆர்மி விதிகள் 1954, விதி 13இன் கீழ், ‘வேண்டாத சிப்பாய்’ என்று டிஸ்சார்ஜ் செய்யலாம். செய்தார்கள்.

அதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. 1988 டிசம்பர் 28 தேதியிட்ட ராணுவத் தலைமையகக் கடிதம், நாலு என்ட்ரி விழுந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரை எந்திரம் போல வெளியே அனுப்பக் கூடாது என்கிறது. முதலில் பாரபட்சமில்லாத விசாரணை நடக்க வேண்டும். எத்தனை வருஷம் சேவை செய்திருக்கிறார், எப்படிப்பட்ட கஷ்டமான இடங்களில் இருந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் விளக்கம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸ். எங்கள் யூனிட்டில் அந்த விசாரணை நடக்கவே இல்லை. நேராக நோட்டீஸ் போனது. நடந்திருந்தால் யாராவது ஒருவர் டாக் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கியிருப்பார், தந்தி வந்த தேதி அதில் இருந்திருக்கும். விசாரணை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இன்றைக்கு நான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

நோட்டீஸை டைப் அடித்தது நான். அவர் தமிழில் எழுதிக் கொடுத்த பதிலை இங்கிலீஷாக்கியதும் நான். மூன்று பக்கம் எழுதியிருந்தார். பிரசவத்தில் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்காமல் பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குக் கொண்டுபோனது, ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்தது, பெண் குழந்தை பிழைத்தது, அம்மா கண் திறக்கப் பல நாள் ஆனது, வண்டி வைத்துப் போய்த் தந்தி கொடுத்தது எல்லாம் அதில் இருந்தன. நான் அதை அரைப் பக்கமாக்கினேன். கீழே அலுவலகக் குறிப்பாக, இப்படி ஒரு தந்தி இங்கே பெறப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டவர்கள் அந்த ஒரு வரியைத்தான் நம்பினார்கள்.

பதினோரு வருஷ சேவையோடு அவர் ஊருக்குத் திரும்பினார். பென்ஷனுக்குப் பதினைந்து வருஷம் வேண்டும். கையில் வந்தது கொஞ்சம் கிராஜுவிட்டியும் சேமநிதியும். அதைவிடப் பெரிய அடி, அவர் முன்னாள் ராணுவத்தினர் என்ற கணக்கிலேயே வராமல் போனது. நன்னடத்தைக் குறைவால் டிஸ்சார்ஜ் ஆனவரை அரசு விதி எக்ஸ் சர்வீஸ்மேன் என்று ஏற்பதில்லை. அடையாள அட்டை இல்லை, கேன்டீன் கார்டு இல்லை, திருச்சியில் முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்கில் மருந்து இல்லை, பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு இல்லை. இரண்டு ஏக்கர் கரிசலில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போட்டார். வெங்காயம் விலை விழுந்த ஒரு வருஷம் நிலத்தை ஒத்திக்கு வைத்துவிட்டு, அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலை வாசலில் காவலுக்கு நின்றார். அங்கேயும் எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு ஒரு சம்பளம், மற்றவர்களுக்கு ஒரு சம்பளம். பதினோரு வருஷம் எல்லையில் நின்றவர் மற்றவர்களோடு வரிசையில் நின்று வாங்கினார். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியில் அவருக்கு இளைப்பு வந்தது.

நான் பட்டை வாங்கினேன். அதற்கு மேலும் வாங்கினேன். சுபேதாராக ஓய்வுபெற்று வந்து, பெரம்பலூரில் வீடு கட்டிக்கொண்டேன். ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ வந்தபோது 2014 ஜூலையிலிருந்து கணக்கிட்ட நிலுவை என் வங்கிக் கணக்கிலும் ஏறியது. டிசம்பர் 7 கொடிநாளுக்கு என்னை மேடைக்குக் கூப்பிடுவார்கள். சுதந்திர தினத்தில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றச் சொல்வார்கள். படையில் இருந்து வந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் மனு எழுதிக் கொடுப்பதை ஒரு தொண்டாக வைத்துக்கொண்டேன். உண்மையாகவே சிலருக்கு நல்லது நடந்தது. படையில் சேர்ந்தபோது ஆரோக்கியமாக இருந்தவருக்குப் பின்னால் வந்த நோய், படைச் சேவையால் வந்ததில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்குத்தான் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் வலிப்பு நோய்க்காக வெளியே அனுப்பப்பட்ட சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய். அந்தத் தீர்ப்பை வைத்து ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மனு எழுதினேன். அப்பாக்கள் பிள்ளைகளை அழைத்து வந்து என் காலில் விழச் சொல்வார்கள். தடுக்க மாட்டேன்.

எங்கள் யூனிட் சிப்பாயின் மகள், அந்தத் தந்தி வந்த நாட்களில் பிறந்தவள், பிளஸ் டூ முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறதாமே, அதற்கு என்ன சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கேட்டாள். “அப்பாவோட டிஸ்சார்ஜ் அப்படிம்மா, அதுக்கு வழியில்ல” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா ஏதோ செய்யக் கூடாததைச் செய்திருக்கிறார் என்று என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். பல வருஷம் அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை என்று பின்னால் தெரிந்தது. இதுவும் என் கணக்கில்தான் சேரும்.

2015 அக்டோபர் 16 அன்று வீரேந்திர குமார் துபே என்ற முன்னாள் சிப்பாயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி டி.எஸ். தாக்கூர். நாலு சிவப்பு மை என்ட்ரி இருப்பதாலேயே ஒருவரை வெளியே அனுப்பிவிட முடியாது. 1988 கடிதம் சொல்கிற விசாரணை இல்லாமல் கொடுத்த டிஸ்சார்ஜ் செல்லாது. பென்ஷன் தகுதி வரும்வரை அவர் சேவையில் இருந்ததாகவே எண்ணிக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள், இடைக்காலச் சம்பளம் மட்டும் கிடையாது என்று உத்தரவு. படித்து முடித்ததும் எனக்குக் கை நடுங்கியது. பெயரையும் ஊரையும் மாற்றினால் அது எங்கள் யூனிட் சிப்பாயின் வழக்கு. சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. இந்தத் தீர்ப்பை முன்னால் வைத்து அங்கே போனால், தந்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே அவர் ஜெயிக்கலாம். அதாவது நான் மாட்டிக்கொள்ளாமலேயே அவருக்கு உதவியிருக்க முடியும். அதைக்கூட நான் செய்யவில்லை.

மறு வருஷம் அவரே வந்தார். சிமெண்ட் ஆலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், கோர்ட்டில் ஏதோ தீர்ப்பு வந்திருக்கிறது என்று.

“அண்ணே, நாலு ரெட் இங்க் விழுந்தவங்களுக்கும் இப்ப வழி இருக்குன்னு சொல்றாங்களே?”

“அது வேற கேஸுப்பா. உன்னுது அப்படி இல்ல. மனு போட்டா வக்கீலுக்குத்தான் காசு.”

“நீங்க சொன்னாச் சரிங்கண்ணே. நீங்க அங்கயே இருந்தவரு.”

இந்தக் கடைசி வாக்கியம் இன்று வரை என்னை விடவில்லை. நம்பிக்கையோடுதான் சொன்னார். வழக்குப் போட்டால் ஃபைலைத் தேடுவார்கள், என் குறிப்பு வெளியே வரும், தந்தி வந்ததா என்று கேட்பார்கள் என்ற பயத்தில் அவரைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பொய்க்கு ஒரு விலை உண்டு, அதை என்னால் கணக்கிட்டுச் சொல்ல முடியும். தர்சேம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, பென்ஷன் போல மாதாமாதம் தொடரும் இழப்புக்கு எவ்வளவு தாமதமாக வந்தாலும் நீதிமன்றம் கதவை மூடாது. ஆனால் நிலுவை, பொதுவாக, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். 2016இல் போட்டிருந்தால் 2013 முதல் வந்திருக்கும். இப்போது 2025இல் போட்டிருக்கிறார்; ஜெயித்தாலும் 2022 முதல்தான். நடுவில் ஒன்பது வருஷப் பென்ஷன். அது அவர் இன்ஹேலர் வாங்கக் கடன் வாங்கிய வருஷங்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதக் கை வராமல் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பென்ஷன் பெறாதவர்களின் சர்வீஸ் ஆவணங்களை ரெக்கார்ட் ஆபீஸ் 25 வருஷம் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். ராணுவ ஒழுங்குமுறைகளில் இருக்கும் விதி அது. கிளார்க்காக இருந்தவனுக்கு மனப்பாடம். 1996உடன் 25ஐக் கூட்டினால் 2021. நான் அந்த வருஷத்துக்காகக் காத்திருந்தேன். தெரிந்தே காத்திருந்தேன். அவர் பதிலின் மூன்று பக்கமும், அதை நான் அரைப் பக்கமாக்கியதும், கீழே சேர்த்த வரியும் ஒன்றாக எரிந்து போகும், அதன் பிறகு இது நடந்ததா என்று கேட்க ஒரு காகிதமும் இருக்காது என்று நினைத்தேன். சட்டப்படி என்னை யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ராணுவ நீதிமன்றத்தில் விசாரிப்பதற்கான மூன்று வருஷக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. எனக்கிருந்த பயமெல்லாம் பெயரைப் பற்றியதுதான். கொடிநாள் மேடையைப் பற்றியது.

காத்திருந்த அந்த வருஷங்களில்தான் புல்வாமா தாக்குதல் நடந்தது. 2019 பிப்ரவரி 14. உயிரிழந்த சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் சிவச்சந்திரன் எங்கள் அரியலூர் மாவட்டம் கார்குடிக்காரர். உடல் வந்த அன்று சுற்றுவட்டாரமே அந்த ஊரில் நின்றது. நான் மெடல்களைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது கூட்டத்துக்குப் பின்னால், ஒரு வேலி ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டையில் ஒன்றுமில்லை. அவருக்கும் மெடல் உண்டு. அந்தப் பார்ட் டூ ஆர்டரை அடித்தவனே நான்தான். எல்லோரும் சல்யூட் அடித்தபோது அவர் கை பாதி வரை உயர்ந்து நின்றது, முழுசாகப் போகவில்லை. அன்றிரவு சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. 2021 வரட்டும் என்றுதான் இருந்தேன்.

வந்தது. போனது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவர் விண்ணப்பித்தார்; மகள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். விதிப்படியான காலம் முடிந்ததால் ஆவணங்கள் அழிக்கப்பட்டன, லாங் ரோலில் உள்ள விவரம் மட்டும் இருக்கிறது என்று பதில் வந்தது. லாங் ரோல் என்பது நிரந்தரப் பதிவேடு. சேர்ந்த நாள், போன நாள், போன காரணம் என்று ஒருவருக்குச் சில வரிகள். இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு சிப்பாய்க்கு மிஞ்சுவது அந்தச் சில வரிகள், அதில் ஒன்று என் பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பதிலோடு அப்பாவும் அம்மாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து பழுப்பேறிய துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். பெரம்பலூரில் தந்தி கொடுத்ததற்கான ரசீது. தந்திச் சேவையையே 2013இல் நிறுத்திவிட்டார்கள். இவர்கள் வீட்டுப் பெட்டியில் மட்டும் அந்த ரசீது, ரேஷன் கார்டோடும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடும், கிடந்திருக்கிறது.

“இது எதுக்காவது உதவுமாங்கண்ணே?” என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று அலங்கரித்து எழுத விரும்பவில்லை. இழுப்பறை, புகாரி, குறிப்பு, 2016, 2021 எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். மகள்தான் கேட்டாள்: “நான் சர்டிபிகேட் கேட்டு வந்தப்பவும் உங்களுக்குத் தெரியும், இல்லையா?” தெரியும் என்றேன். மனைவி அழவில்லை, திட்டவில்லை. சொன்னதையெல்லாம் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். “அது அவரு விஷயம். எனக்கு பேப்பர் வேணும்” என்றார்.

கொடுத்தேன். நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்திருக்கிறேன். வழக்கு இப்போது தீர்ப்பாயத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்பது சட்டம். தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு போயிருக்கிறது, அதில் தாமதத்துக்கான காரணங்களில் ஒன்றாக என் பெயர் இருக்கிறது. வக்கீல் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. இவ்வளவு காலம் சும்மா இருந்துவிட்டு ஆவணம் அழிந்த பிறகு வாய் திறக்கும் சாட்சியை எதிர்த்தரப்பு எப்படிக் குறுக்கு விசாரணை செய்யும் என்று விளக்கினார். காகிதங்கள் உயிரோடு இருந்தபோது நான் சொல்லியிருந்தால் என் வாக்குக்கு மதிப்பிருந்திருக்கும். இப்போது என் வாக்கைத் தாங்க அந்த ரசீது ஒன்றுதான் இருக்கிறது. எனக்கு ஆபத்தில்லை என்று ஆன பிறகு வந்த உண்மை இது. அதன் எடை குறைவு என்பதை நான் மறுக்கவில்லை.

அமெரிக்காவில் டிஸ்சார்ஜின் தரத்தை உயர்த்தித் தரும்படி முன்னாள் வீரர்கள் விண்ணப்பிக்க மறுபரிசீலனை வாரியங்களே இருக்கின்றன. டிஸ்சார்ஜ் ஆகிப் பதினைந்து வருஷத்துக்குள் ஒரு வாரியம், அதைத் தாண்டியவர்களுக்கு வேறொன்று. வியட்நாம் போரிலிருந்து மனம் சிதைந்து வந்து, குடித்தும் ஓடிப்போயும் கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டவர்களின் விண்ணப்பங்களை, அந்த மனநிலையைக் கணக்கில் எடுத்துத் தாராளமாகப் பரிசீலியுங்கள் என்று 2014 செப்டம்பரில் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் உத்தரவிட்டார். நம் ஊரில் அப்படியொரு எளிய படிவம் கிடையாது. படைக்குள்ளேயே முறையீடு, அது போனால் தீர்ப்பாயம், அதற்கு வக்கீல், சென்னைக்குப் போய்வர பஸ் காசு. வேப்பந்தட்டையில் இருக்கும் ஒருவருக்கு இந்த வழியைக் காட்ட வேண்டியவர்கள் என்னைப் போல விஷயம் தெரிந்தவர்கள். வழியில் நின்றதும் நான்தான். பெரம்பலூர், அரியலூர் என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் பதினைந்து வருஷ சேவை முடியும் முன்பே அனுப்பப்பட்டு, வெட்கத்தால் வாய் திறக்காமல் இருக்கும் வேறு ஆட்களும் இருப்பார்கள். அவர்கள் யாரும் ஒரு பழைய கிளார்க்கின் சொல்லோடு நின்றுவிட வேண்டாம். உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காரணமாக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 25 வருஷம் ஆகவில்லை என்றால் இன்றைக்கே ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பம் போட்டு உங்கள் ஆவணங்களின் நகலை வாங்கி வையுங்கள்.

அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. கொடிநாள் மேடைக்கு இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மனு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தண்டனை எனக்கல்ல, வருகிறவர்களுக்கு.

அந்த அலுவலகத்தில் அப்போது இன்னொரு தமிழர் இருந்தார். தென்மாவட்டத்துக்காரர். டாக் ரெஜிஸ்டரில் வரவு எழுதியவர் அவர்தான். பெரம்பலூரிலிருந்து வந்த அந்தத் தந்தியைத் தன் கையெழுத்தில் பதிந்துவிட்டுத்தான் என் மேஜைக்கு அனுப்பினார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தம்பி, இதைப் படித்தால் உனக்கு வருஷமும் இடமும் புரியும். என்னைத் தேட வேண்டாம். பெரம்பலூரில் முன்னாள் படைவீரர் யாரைக் கேட்டாலும் அந்தச் சிப்பாயின் வீட்டைக் காட்டுவார்கள். அங்கே போய், உனக்கு நினைவிருப்பதை அவர் மனைவியிடம் எழுதிக் கொடு.